இந்தக் கட்டடத்தில் செய்த சிப்

அமெரிக்காவில், அலபாமாவில் ஒரு கல்லூரி. கறுப்பின மக்களுக்கு மற்ற கல்லூரிகள் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் அவர்களே எழுப்பியது. அங்கே டெல்ஃபின் என்ற மாணவியும் அவள் தோழர்களும் பாடுபட்டு, காதுகேட்கும் கருவிக்கு ஒரு சிப்பை வரைந்து முடித்தார்கள். அதை ஆலையில் செய்து வாங்குவது அவர்கள் சக்திக்கு மீறியது. ஏதாவது ஒரு கம்பெனி தன் சிப்புகளோடு சேர்த்து ஆலைக்கு அனுப்பினால்தான் உண்டு.

அப்படி ஒரு சிப் கம்பெனியின் டைரக்டர் ஹால்வர்சன் கல்லூரிக்கு வந்தார். வரைபடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆலையே இல்லாத இடத்தில் சிப்பா? இந்தக் கட்டடத்தில் செய்த ஒன்றை என் கையில் வையுங்கள். அப்புறம் பேசலாம்."

மாணவர்களின் பேராசிரியர் தலை குனிந்துகொண்டார்.

"செய்துவிடலாம் சார்," என்றாள் டெல்ஃபின் பணிவாக. "மாதிரிக்கு உங்கள் கட்டடத்தில் செய்தது ஒன்று கிடைக்குமா?"

ஹால்வர்சனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பையிலிருந்து நகம் அளவு சிப் ஒன்றை எடுத்து, "நன்றாகப் பார்த்துக்கொள், பெண்ணே!" என்று நீட்டினார்.

அவள் அதை நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள். அதோடு இணைத்த திரையில் கம்பெனியின் பெயர் பெரிதாகத் தெரிந்தது. அதன் கீழே 'தைவான்' என்றிருந்தது.

"உங்கள் கட்டடம் தைவானிலா சார் இருக்கிறது?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அது வந்து... நாங்கள் வரைந்து அனுப்புவோம். அவர்கள் செய்து தருவார்கள். இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம்."

"நாங்களும் வரைந்துவிட்டோம் சார். அனுப்பத்தான் உங்களைக் கூப்பிட்டோம்."

ஹால்வர்சன் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, வரைந்ததைக் காட்டு."

குளிர்காலத்தில் பார்சல் வந்தது. சிப்பின்மேல் கல்லூரியின் பெயர் இருந்தது. அதன் கீழே, தைவான்.