மர்ஜானா கேட்ட துஆ

"ஒரு வேளைத் தொழுகைகூட விடலை லாத்தா. ஆனாலும் நாலு பேர் முன்னால நின்னா நாக்கு ஒட்டிக்குது. அல்லாஹ் என் குரலைக் கேக்கலையா?"

மர்ஜானா இதைக் கேட்டபோது வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து மற்றப் பிள்ளைகள் கலைந்திருந்தார்கள்.

பல்கலைக்கழக மாணவியர் விடுதியின் பின்கட்டில் ஒரு சின்னத் தொழுகை அறை. வாரம் ஒரு நாள் அங்கே பாடம் நடத்த ஆலிமா ஃபஸீலா வருவார். மார்க்கக் கல்வி முடித்தவர். வயது இன்னும் முப்பது ஆகவில்லை. அதனால் பிள்ளைகள் அக்கா முறை வைத்து லாத்தா என்றே கூப்பிடுவார்கள்.

மர்ஜானா கணிதத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு. அவள் தெருவிலிருந்து இவ்வளவு தூரம் படிக்க வந்த முதல் பெண் அவள்தான்.

போன மாதம் செமினாரில் கரும்பலகை முன்னால் நின்றவள், தன் கையால் எழுதிய தேற்றத்தையே வாசிக்க முடியாமல் வந்து உட்கார்ந்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

அன்றிலிருந்து சரியான தூக்கமில்லை. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவதையும் குறைத்துக்கொண்டாள். கூடுதலாக நோன்பு வைத்தாள். வரும் புதன்கிழமை மறுபடியும் அவள் முறை. அதற்குள் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாமா என்று பெட்டியைக்கூட எடுத்து வைத்திருந்தாள்.

மனநல ஆலோசகரைப் பார்த்தாயா என்று ஆலிமா விசாரித்தார். இரண்டு தடவை போனதாகச் சொன்னாள். போவதை நிறுத்திவிடாதே என்றார்.

பிறகு, தொழுது முடித்துக் கையேந்தும்போது தினமும் என்ன துஆ கேட்கிறாய் என்றார்.

மர்ஜானா பாயைப் பார்த்தபடியே சொன்னாள்.

"யா அல்லாஹ், நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவ. மக்கு. எல்லாருக்கும் பாரமா இருக்கேன். உம்மாவும் வாப்பாவும் என்னை நம்பி ஏமாந்துட்டாங்க. நீயாவது என்னைக் கைவிட்டுடாதே. இப்படித்தான் கேப்பேன் லாத்தா."



அந்த நேரத்தில் முதலாம் ஆண்டு மாணவி ரமீஸா உள்ளே வந்தாள். காலையில்தான் தேர்வு முடிவு வந்திருந்தது. இரண்டு தாளில் தேறவில்லை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. தனக்காகத் துஆ செய்யச் சொல்லி ஆலிமாவிடம் கேட்டுக்கொண்டு மர்ஜானாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆலிமா மர்ஜானாவின் பக்கம் திரும்பினார்.

"நீ செய். உனக்குக் கேக்கிற அதே துஆ. ஒரு வார்த்தை மாத்தக் கூடாது."

மர்ஜானா கைகளை ஏந்தினாள்.

"யா அல்லாஹ், இந்தப் பிள்ளை..."

அங்கேயே நிறுத்திவிட்டு ரமீஸாவைத் திரும்பிப் பார்த்தாள். ரமீஸா கையேந்தி, கண்களை மூடிக் காத்திருந்தாள்.

மர்ஜானா மறுபடி தொடங்கினாள்.

"யா அல்லாஹ், இந்தப் பிள்ளை ரொம்பப் பாடுபட்டிருக்கா. களைச்சுப் போயிருக்கா. அவ மனசுக்கு நிம்மதியைக் கொடு. ரெண்டு தாள் போனதால அவ எந்த வகையிலும் குறைஞ்சு போயிடலைன்னு அவளுக்குப் புரிய வை. மறுபடி எழுதத் தெம்பைக் கொடு."

"ஆமீன்" என்றாள் ரமீஸா. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போகும்போது மர்ஜானாவின் கையை இறுகப் பிடித்துவிட்டுப் போனாள்.

"மாத்தக் கூடாதுன்னு சொன்னேனே" என்றார் ஆலிமா.

"எப்படிச் சொல்றது லாத்தா? பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கா. அந்த வார்த்தையெல்லாம் காதுல விழுந்தா உடைஞ்சு போயிட மாட்டாளா?"

"போயிடுவா."

ஆலிமா பாயைச் சுருட்டத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நீ உனக்குக் கேக்கும்போது, அங்க உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தது யாரு?"

யாருமில்லை என்று சொல்லத்தான் மர்ஜானா வாயெடுத்தாள். அந்த வார்த்தைகள் தினமும் விழுந்துகொண்டிருந்தது தன் காதில்தான் என்று அப்போதுதான் உறைத்தது.