ஆடிய நாற்காலி

சைக்கிளில் விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கிற காலம் அது. அம்பாசமுத்திரத்தில் மாசாணம், ‘கதவு, குழாய், நாற்காலி சரிசெய்யப்படும்’ என்று சைக்கிளில் பலகை கட்டித் தொழில் தொடங்கிய முதல் நாளே, அரிசி மில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். தன் புது வீட்டைப் பார்க்க வந்தவர்களிடம், “தரைக்கல் ஒவ்வொண்ணும் நானே நின்னு பதிச்சது” என்று அளந்துகொண்டிருந்தார்.

“ஏலே, இந்தத் தேக்கு நாற்காலி ஆடுது. காலை அறுக்கக் கூடாது, முட்டுக் கொடுக்கவும் கூடாது. ஆட்டம் நிக்கலேன்னா சைக்கிள்ல கட்டிருக்க பலகையக் கழட்டிரணும்.”

மாசாணம் பையைத் திறக்கவே இல்லை. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி வைத்தான்.

“உக்காருங்க மொதலாளி.”

ஆடவில்லை.

“என்னல பண்ணுன?”

“நாற்காலில கோளாறு இல்ல மொதலாளி. தரைதான் மேடும் பள்ளமுமா கிடக்கு.”

வந்தவர்கள் குனிந்து தரையைப் பார்த்தார்கள்.

அந்தப் பழைய பலகை இன்னும் மாசாணத்தின் கடையில் தொங்குகிறது. ‘நாற்காலி’க்குப் பக்கத்தில் ‘தரை’ என்ற வார்த்தை மட்டும் வேறு பெயிண்டில் இருக்கும்.