மஞ்சள் விரல்

பொன்னுலிங்கம் ஒரு துணிப்பை நிறையக் கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து மடத்துக் குருவின் முன்னால் வைத்தார். விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, எல்லாம் தபாலில் போடத் தயாராக இருந்தன.

"மகளுக்குக் கல்யாணம்னா சிரிச்ச முகமா வரணும்வே. பேயறைஞ்ச மாதிரி வந்திருக்கீரு," என்றார் குரு.

"அறைஞ்சிட்டுதான் இருக்கு சாமி."

மடத்து வாசலில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஆனாலும் பொன்னுலிங்கம் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது அவர் மனைவி கோமதி. காயவைத்து, கவரில் போட்டு, பசை வைத்து ஒட்டியது அவர். மறுநாள் ஒரு கவரில் ஆள் மாறிப்போயிற்று என்று பிரித்தால், உள்ளே எழுத்தின் மேல் அப்பியபடி ஒரு மஞ்சள் விரல்தடம். சின்ன விரல்.

"கோமதி விரலா இருக்கும்."

"அவ விரல் முருங்கைக்காய் சாமி. இது பால்பல் விழுந்து முளைக்கிற பிள்ளை விரல்."

"மத்ததைப் பாத்தீரா?"

"பாத்தேன். ஒட்டுன கவர் ஒட்டுனபடி இருக்கு. பிரிச்ச எல்லாத்துலயும் இருக்கு. மஞ்சளே தடவாம ஒரு கட்டு ஒட்டி வச்சும் பாத்துட்டேன்."

"அதுல?"

"அதுலயும் இருக்கு."

குரு பையிலிருந்து ஒரு கவரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எங்க பெரியவ பூரணம், சாமி. ஏழு வயசுல கிணத்துல விழுந்து போனவ. மஞ்சள் அரைச்சா எங்க இருந்தாலும் ஓடிவந்து விரலை விட்டுருவா. அவதான். எனக்குத் தெரியும்."

"இப்ப என்ன செய்யணும்ங்கீரு?"

பொன்னுலிங்கம் மடியிலிருந்து ஓர் இரும்பு ஆணியை எடுத்தார். "பேயோட்டுற கோடாங்கி கொடுத்தாரு. பேரைச் சொல்லி இதைப் புளியமரத்துல அடிச்சுட்டா, அப்புறம் வீட்டுப் பக்கம் வரமாட்டாளாம். கோமதி விடமாட்டேங்கா. என்னை அடிச்சுட்டு அதை அடிங்கறா. நீங்க சரின்னா அடிச்சிருவேன்."

"அடிச்சா எங்க இருப்பா?"

"அந்த மரத்துலயேதான்."

"தனியாவா?"

பொன்னுலிங்கம் துண்டால் மூக்கைத் துடைத்தார். "இன்னொருத்தி வாழணுமே சாமி."

குரு ஒரு கவரைப் பிரித்து அவரிடம் நீட்டினார். "படியும்."

"நிகழும் மங்களகரமான..."

"அது எல்லார் வீட்டுப் பத்திரிகையிலயும் உள்ளது. கீழ வாரும்."

"எனது... குமாரத்தி சண்முகவடிவு..."

"நடுவுல ஒரு சொல்லை முழுங்கிட்டீரே."

"தெரியல சாமி. மஞ்சள் மறைக்கு."

குரு இன்னொன்றைப் பிரித்தார். அதிலும் அதே சொல்லின் மேல்தான் விரல். இன்னொன்று. அதிலும் அப்படியே. ஒரு மயிரிழை தள்ளி இல்லை.

"அச்சாபீஸ்ல என்ன போடச் சொன்னீரு?"

"மூத்த குமாரத்தின்னு." பொன்னுலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "கிணத்துல பிள்ளையை விட்ட வீடுன்னா சம்பந்தக்காரங்க யோசிப்பாங்க சாமி. பூரணம்னு ஒருத்தி இருந்ததையே அவங்ககிட்டச் சொல்லல. வடிவையும் அங்க சொல்லக் கூடாதுன்னுட்டேன்."

மடத்துக்குள் யாரும் இல்லை. ஆனாலும் அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"கோவமா வந்திருக்காளா சாமி?"

"தங்கச்சி பேரைப் பாரும். ஒரு பொட்டு மஞ்சள் பட்டிருக்கா?"

படவில்லை. பிரித்த எதிலும் படவில்லை. அந்தப் பேரை மட்டும் சுற்றிக்கொண்டு போனதுபோல் இருந்தது.

"அப்ப, இந்த ஆணி?"

குரு அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"கொண்டுபோய் அடியும். அடிக்கும்போது கோடாங்கி கேப்பாரு, இவ உமக்கு எத்தனாவது பிள்ளைன்னு. என்ன சொல்லுவீரு?"

பொன்னுலிங்கம் குனிந்தார். மடியில் கிடந்த பத்திரிகையில் நாலு மூலையும் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தன. நடுவில் அந்த விரல்தடம் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.