ஆறாம் நாள் காய்ச்சல்

சௌந்தரவல்லி கோயம்புத்தூரில் நாற்பத்தைந்து வருடமாக எதிர்வாதிகளுக்கு மட்டுமே வாதாடியவர். யார் மேலாவது சிவில் வழக்கு விழுந்தால் அவர் ஆபீஸுக்குத்தான் ஓடி வருவார்கள். ஒற்றை மேசையோடு ஆரம்பித்த ஆபீஸில் இப்போது இருபத்தாறு வக்கீல்கள். ஜெயித்த வழக்கைப் பற்றி யாராவது புகழத் தொடங்கினால், காபி வந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போய்விடுவார்.

அடுத்த மாதத்திலிருந்து ஆபீஸ் பொறுப்பு ஸ்டீபன் அருள்ராஜிடம் போவதாக முடிவாகியிருந்தது. ஸ்டீபனுக்கு நாற்பத்தாறு வயது. கெட்டிக்காரர். கூண்டில் நிற்கும் சாட்சியை நாலே கேள்வியில் தண்ணீர் குடிக்க வைப்பவர்.

“சீனியர், எதிர்வாதி வக்கீலோட வேலை என்னன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க. ஜூனியருங்க கேட்டா நான் சொல்லணும்.”

“காப்பாத்துறது.”

“யாரை?”

“நாளைக்கு என்ன கேஸ்?” என்றார் சௌந்தரவல்லி.

குழந்தைகள் டாக்டர் இந்துமதி மேல் போட்ட வழக்கு அது. நாச்சிமுத்து என்ற லாரி டிரைவரின் ஏழு வயது மகள் கனிஷ்கா டெங்குவில் இறந்துபோனாள். டாக்டரின் கவனக்குறைவுதான் காரணம் என்றார் நாச்சிமுத்து. பாவம், டாக்டர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருந்தார். ஆனாலும் வழக்கு வந்த நாளிலிருந்து ஒரு குழந்தையைத் தொட்டுப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. தோற்றால் கிளினிக்கை மூடிவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

நாச்சிமுத்துவைக் குறுக்கு விசாரணை செய்யத் தயாரித்து வைத்திருந்த கடைசிக் கேள்வியை ஸ்டீபன் படித்தார்.

“நீங்க லேட்டா கூட்டிட்டு வந்ததாலதான் உங்க பொண்ணு இறந்துபோச்சுன்னு சொல்றேன், சரிதானே? இதோட கேஸ் முடிஞ்சுது சீனியர்.”

“அவர் என்ன சொல்வார்?”

“இல்லைம்பார். வேற என்ன சொல்வார்?”

“டைப்பிஸ்ட் அதை எப்படி அடிப்பார்? எழுதிக் காட்டுங்க.”

நம் கோர்ட்டுகளில் வக்கீல் கேட்பதும் சாட்சி சொல்வதும் சேர்ந்து, சாட்சியே பேசுவதுபோல ஒரு வரியாகப் பதிவாகும். கடைசியில் சாட்சி அதில் கையெழுத்துப் போட வேண்டும். இருபது வருடமாகப் பார்த்த வரிகள்தான். ஸ்டீபன் மளமளவென்று எழுதினார்.

‘நான் தாமதமாக அழைத்து வந்ததால்தான் என் மகள் கனிஷ்கா இறந்துபோனாள் என்றால் சரியல்ல.’

சௌந்தரவல்லி படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

“கனிஷ்காவை அடிச்சிட்டு பெனிட்டான்னு எழுதுங்க. கீழ கையெழுத்துப் போடுங்க.”

பெனிட்டா ஸ்டீபனின் மகள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அன்று காலைகூட சாக்ஸ் காணவில்லை என்று வீட்டையே தலைகீழாக்கிவிட்டுப் போனவள்.

ஸ்டீபன் கனிஷ்காவின் பெயரை அடித்தார். அதற்கு மேல் கை ஓடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

“இது நியாயமில்ல சீனியர். நம்ம கட்சிக்காரர் டாக்டர். அந்தம்மாவை விட்டுக் குடுக்க முடியுமா? சாட்சிகிட்டக் கேக்காம விட்டா அப்பீல்ல நம்மளைத்தான் குடைவாங்க.”

“யாரு கேக்க வேண்டாம்னது? காய்ச்சல் வந்து எத்தனாவது நாள் சேர்த்தீங்கன்னு கேளுங்க. ஆறாவது நாள்னு கேஸ் ஷீட்லயே இருக்கு. அவர் வாயால வந்தா போதும். மீதி ஜட்ஜுக்குத் தெரியும்.”

“அவர் மாத்திச் சொல்லிட்டா?”

“தோத்துட்டு வந்து என்னைத் திட்டுங்க.”

மறுநாள் கோர்ட்டில் ஸ்டீபன் அதை மட்டும் கேட்டார்.

“ஆறாம் நாளுங்க,” என்றார் நாச்சிமுத்து. “மருந்துக் கடையில மாத்திரை வாங்கிக் குடுத்தேனுங்க. உட்டுப் போகும்னு நெனச்சேன்.”

சொல்லிவிட்டு, கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டீபனின் நாக்கு நுனி வரை அந்தக் கடைசிக் கேள்வி வந்துவிட்டது. விழுங்கினார்.

“வேற கேள்வி இல்லை, யுவர் ஆனர்.”

நாச்சிமுத்து கட்டையை விடவில்லை. டவாலி வந்து தோளைத் தொட்ட பிறகுதான் இறங்கினார்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. வழக்கு தள்ளுபடி. தீர்ப்பைக் கேட்கச் சௌந்தரவல்லியும் வந்திருந்தார். கோர்ட் வராந்தாவில் டாக்டர் இந்துமதி ஸ்டீபனின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். திங்கட்கிழமை கிளினிக் திறக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போகும் வரை தூண் ஓரமாக நின்றிருந்த நாச்சிமுத்து, தன் வக்கீலோடு மெதுவாக வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து ஸ்டீபன் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

“டாக்டரம்மா மேல தப்பில்லீன்னு ஜட்ஜய்யா சொல்லிப் போட்டாருங்க,” என்றார் நாச்சிமுத்து. “செரிங்க. அப்பறம் யாரு மேலதானுங்க தப்பு? என்ற மேலயா?”

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த மனிதர் வழக்கே போட்டிருக்கிறார் என்று ஸ்டீபனுக்கு அப்போதுதான் உறைத்தது. சீனியரைப் பார்த்தார்.

சௌந்தரவல்லி நாச்சிமுத்துவைப் பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“காய்ச்சல் மேலங்க,” என்றார்.