மடைப்பள்ளி மைனா

பூனையும் எலியும் ஒரே தட்டில் சாப்பிட்ட காலம் அது. வெண்கலபுரியில், ராஜாவின் கோவில் மடைப்பள்ளியில் அம்பலவாணன் என்று ஒரு சமையல்காரன் இருந்தான். சாமிக்குப் படைக்கும் முன் பிரசாதத்தை ருசி பார்க்கக்கூடாது. அதனால் உப்பு, புளி எல்லாவற்றுக்கும் அவனுக்கு மூக்குதான் துணை.

ஒருநாள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. ராஜா முறைத்தார். பயந்துபோன அம்பலவாணன் மந்திரவாதி புகைக்கண்ணனிடம் ஓடினான். புகைக்கண்ணன் ஒரு மைனாவுக்கு மந்திரம் போட்டு அவன் தோளில் ஏற்றிவிட்டான்.

பால் ஏறியதும் "பொங்குது! பொங்குது!" என்று மைனா கத்தியது. பால் தப்பியது. ஆனால் அவன் குளித்தாலும் "பொங்குது! பொங்குது!" சோற்றில் கை வைத்தாலும் "பொங்குது! பொங்குது!" கண் அசந்தாலும் அதே கத்தல்தான்.

முதல் மாதம் நெஞ்சு படபடத்தது. இரண்டாம் மாதம் வயிறு எரிந்தது, முடி கொத்துக்கொத்தாகக் கழன்றது. மூன்றாம் மாதம் மூக்கும் மரத்தது, செய்ததும் மறந்தது. புளியோதரைக்கு மூன்று தடவை உப்புப் போட்டான்.

ஊரே தொன்னையோடு குளத்துக்கு ஓடியது. ராஜா மட்டும் மரியாதைக்காக விழுங்கிவிட்டு, "அம்பலம், நாளையும் இப்படியென்றால் கரண்டியை வைத்துவிட்டுக் கிளம்பு" என்றார்.

மறுபடி மந்திரவாதியிடம் ஓடினான். அங்கே புகைக்கண்ணனுக்கு வழுக்கை, ஓயாத ஏப்பம், உடம்பெல்லாம் ஏழு மைனா!

"எழுப்புற மந்திரம்தான்யா எனக்குத் தெரியும். அடக்கத் தெரிஞ்சா நான் ஏன் இப்படி இருக்கேன்?"

மடைப்பள்ளிக்குத் திரும்பிய அம்பலவாணன் தொப்பென்று உட்கார்ந்தான்.

"பொங்குது! பொங்குது!"

முதல் தடவையாக அவன் ஓடவில்லை. "எதும்மா பொங்குது?"

மைனா திருதிருவென்று விழித்தது. அதற்கும் பாதி இறகு உதிர்ந்திருந்தது. "தெரியலண்ணே. பயமா இருக்கு."

"வா, பார்ப்போம்."

முதல் அடுப்பில் சாம்பல். "இங்க இல்ல." இரண்டாவதில் சாம்பல். "இங்கயும் இல்ல." மூன்றாவதில் பூனை படுத்திருந்தது. ஒவ்வொரு அடுப்படியிலும் இருவரும் நீளமாக மூச்சு விட்டார்கள்.

"இன்னிக்கு வேலை முடிஞ்சுதும்மா. தூங்கு."

அதுவரை யாரும் அதனிடம் அப்படிச் சொன்னதில்லை. மைனா இறகுக்குள் தலையைச் செருகியது. மந்திரம் புகையாய்க் கலைந்தது. அம்பலவாணன் அங்கேயே விழுந்து, சேவல் கூவும்வரை குறட்டை விட்டான்.

விடிந்ததும் மூக்கில் பெருங்காயம் சுரீரென்று ஏறியது. அன்றைய புளியோதரைக்கு ராஜாவே மூன்றாம் தொன்னை கேட்டார்.

"என்ன பரிசு வேண்டும், அம்பலம்?"

"மத்தியானம் ஒரு நாழிகை தூக்கம், மகாராஜா!"

"எனக்கும் சேர்த்துப் பாய் போடு!"

அம்பலவாணன் சொல்லிக்கொடுத்தபடி புகைக்கண்ணன் இப்போது ஐந்தாவது மைனாவோடு அடுப்பு அடுப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான்கு தூங்கிவிட்டன. சத்தம் போடாமல் எழுந்து போங்கள்.