கையைக் கட்டிக்கொண்ட மலை அணில்

மலை உச்சிச் சோலைக்காட்டில், குளத்தங்கரை நாவல் மரத்தில், செம்பி என்ற மலை அணில் குடியிருந்தாள். அவளுக்கு ஒரே மகன். பெயர் கொழுந்து. அவனுக்கு உடம்பைவிட வால் நீளம். வாலைவிடக் கேள்வி நீளம்.

அந்த ஆண்டு பனி முன்னதாகவே இறங்கிவிட்டது. விடிந்து பார்த்தால் புல்வெளி முழுவதும் உப்பைத் தூவியது போல வெள்ளையாகக் கிடந்தது. குளத்தின் ஓரத்தில் தண்ணீர் கண்ணாடித் தகடாக உறைந்திருந்தது. காட்டிலிருந்த தாய்மார்கள் பிள்ளைகளை வெளியே விடாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

செம்பிக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அவள் வயிற்றில் அடுத்த குட்டி வளர்ந்துகொண்டிருந்தது. அந்தக் காட்டு மலை அணில்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுக்குட்டி பிறந்தால் மூத்த பிள்ளை அம்மாவின் கூட்டில் படுக்கக் கூடாது. கூட்டில் இடம் இருக்காது. அவன் புரண்டு படுத்தால் குட்டி நசுங்கிவிடும். மூத்தவன் அடுத்த கிளையில் சொந்தக் கூடு கட்டி, அதில்தான் படுக்க வேண்டும்.

வெயில் காலத்தில் இது பெரிய விஷயமில்லை. கூட்டில் ஓட்டை இருந்தால் கொஞ்சம் காற்று வரும், அவ்வளவுதான். பனிக்காலம் அப்படியல்ல. ஓட்டைக் கூட்டில் படுத்த பிள்ளை காலையில் எழுந்திருக்காது.

தாயே கட்டிக் கொடுத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் கூடு என்பது ஒருமுறை கட்டினால் முடிகிற வேலை இல்லை. காற்று தினமும் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்துவிடும். பிரிந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துச் சொருக வேண்டும். பச்சைக்குட்டியை மார்பில் வைத்திருக்கும் தாய் தன் கூட்டை விட்டு அசைய முடியாது. ஆகவே, குட்டி பிறப்பதற்குள் கொழுந்துக்குக் கூடு கட்டத் தெரிந்தாக வேண்டும்.

செம்பி அதை விளையாட்டாகவே தொடங்கினாள். ஒரு காய்ந்த உருத்திராட்சக் கொட்டையைக் கொண்டுவந்து, இதுதான் உன் தம்பி, இவனுக்குக் குளிர்கிறது, ஒரு கூடு கட்டுவோமா என்று கேட்டாள். கொழுந்து துள்ளினான். ஓடிப் போய் இலையும் குச்சியும் பொறுக்கி வந்தான். ஒரு குச்சியைக் குறுக்கே வைத்தான். அது வழுக்கிக் கீழே விழுந்தது. இன்னொன்றை வைத்தான். அதுவும் விழுந்தது.

"இப்படி இல்லடா கண்ணு. இங்கே கொடு" என்றாள் செம்பி.

அவள் வாங்கி வைத்தாள். அடுத்த குச்சியையும் வாங்கி வைத்தாள். இலைகளை வரிசையாகச் செருகினாள். நிமிர்ந்து பார்த்தபோது உள்ளங்கை அளவில் உருண்டையாக, அத்தனை அழகான ஒரு கூடு உருவாகியிருந்தது. அதை எல்லோர் கண்ணிலும் படும்படி கிளை நுனியில் மாட்டினாள். என் பிள்ளை கட்டியது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கொழுந்தும் நான் கட்டியது என்று சொன்னான். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் அப்படித்தான் நம்பினார்கள்.

பக்கத்து மரத்தில் சடைச்சி என்ற கருமந்தி இருந்தாள். நல்லவள்தான், நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். அவள் ஒருநாள் தன் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். மகள் அந்தக் குட்டிக் கூட்டைப் பார்த்ததும் தனக்கும் ஒன்று வேண்டும் என்று அடம்பிடித்தாள். சடைச்சி கொழுந்திடம், உனக்குத்தான் கைவந்த வேலையாயிற்றே, இவளுக்கும் ஒன்று கட்டிக் கொடேன் என்றாள். செம்பி அப்போது தண்ணீர் குடிக்கக் குளத்துக்குப் போயிருந்தாள்.

கொழுந்து ஓடிப் போய் ஓர் இலையைப் பறித்து வந்தான். அதை நீட்டிக்கொண்டு நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"கட்டுடா" என்றாள் சடைச்சி.

"அம்மா வரட்டும்."

"நீதானே கட்டினே?"

"நான்தான் கட்டினேன். நான் இலை கொடுப்பேன். அம்மா கட்டுவா."

சடைச்சி சிரித்த சிரிப்பில் கிளை ஆடியது. செம்பி திரும்பி வந்ததும் அவளிடம் நடந்ததைச் சொல்லி மறுபடியும் சிரித்தாள்.

"நல்லா வளர்த்தேடி பிள்ளையை. புதுக்குட்டி பிறந்ததும் இவன் அடுத்த கிளையில இலையை நீட்டிக்கிட்டு நிப்பான். யாரு வாங்குவா?"

சடைச்சி போன பிறகு, அவள் மீது கோபப்படலாமா என்று செம்பி பார்த்தாள், கோபம் வரவில்லை. சொன்னதில் பிழை எதுவும் இல்லை. பிறகு எழுந்து போய், கிளை நுனியில் மாட்டியிருந்த அழகான கூட்டைத் தானே பிரித்து, இலை இலையாகக் கீழே போட்டாள். ஊர் மெச்சிய ஒன்றைத் தன் கையால் கலைப்பது எல்லோராலும் முடிகிற காரியமில்லை.

மறுநாள் காலையில் அவள் இரண்டு கைகளையும் வயிற்றோடு சேர்த்து மடக்கி, மேலே வாலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கை எங்கேம்மா?" என்று கேட்டான் கொழுந்து.

"கட்டி வெச்சிருக்கேன்."

"யாரு கட்டினா?"

"நானேதான்."

"ஏன்? ஏதாவது திருடிச்சா?"

"ஆமா" என்றாள் செம்பி. "உன் வேலையைத் திருடிச்சு."

கூடு என்பது இந்தப் பிள்ளைக்குப் பெரிய வேலை, அதைச் சின்னச் சின்னதாக உடைத்துக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. அதனால் கூட்டைப் பற்றிய பேச்சையே அவள் எடுக்கவில்லை. வெளியே கிடந்த பனியைத்தான் எடுத்துக்கொண்டாள்.

கிளையிலிருந்தபடியே புல்வெளியைப் பார்க்கச் சொன்னாள். வெள்ளைப் பனியில் காலடித் தடங்கள் ஓடின. யார் போனது என்று கேட்டாள். மூன்று விரல் தடம் ஒன்றைக் காட்டி, ஒரு நட்சத்திரம் நடந்து போயிருக்கிறது என்றான் கொழுந்து. அது காட்டுக்கோழி என்று சொல்ல செம்பிக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, அப்படியா, அது எங்கே போனது என்று மட்டும் கேட்டாள். அவன் கண்ணாலேயே தடத்தைத் தொடர்ந்து போனான். தடம் முடிந்த இடத்தில் ஒரு காட்டுக்கோழி ஒற்றைக்காலில் நின்று குளிரில் சிலிர்த்துக்கொண்டிருந்தது. கொழுந்து விழுந்து விழுந்து சிரித்தான். அந்தத் தடம் அதற்குப் பிறகு அவனுக்கு மறக்கவே இல்லை.

பாறையில் படிந்த பனியில் குச்சியால் கோடு கிழிக்கவிட்டாள். கோணல் கோடு, வளைந்த கோடு, வட்டம் என்று அவன் கிழித்துக்கொண்டே போனான். விரல் குச்சியைப் பிடிக்கப் பழகியது. பல மரத்து இலைகளைக் குவித்துக் கொடுத்து, கன்னத்தில் ஒற்றிப் பார்த்துப் பிரிக்கச் சொன்னாள். சில்லென்று இருப்பது ஒரு பக்கம், மெத்தென்று இருப்பது ஒரு பக்கம். அவன் தப்பாகப் போட்டால், இன்னொரு கன்னத்தில் வைத்துப் பார் என்பாள். வேறு எதுவும் சொல்ல மாட்டாள்.

எல்லாவற்றையும்விட அவனுக்குப் பிடித்தது இலைக்கிண்ண விளையாட்டு. அகன்ற இலையைச் சுருட்டி, தண்ணீர் விட்டு, ஒரு பூவிதழும் போட்டு, மாலையில் புல்லில் வைப்பான். காலையில் இதழ் பனிக்கட்டிக்குள் சிவப்பாக மாட்டிக்கொண்டிருக்கும். நாக்கால் தொட்டுப் பார்த்து அலறுவான்.

ஒருநாள் மூன்று கிண்ணம் வைத்தான். காலையில் மூன்றிலும் பனிக்கட்டி உறைந்திருந்தது. ஒன்றை வெறும் பாறையில் வைத்தான். இரண்டாவதை இலையால் சுற்றினான். மூன்றாவதை, மரங்களில் தாடி போலத் தொங்குமே, அந்தப் பாசிக்குள் புதைத்தான். எது முதலில் கரையும் என்று அம்மாவிடம் கேட்டான். செம்பி எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தாள்.

வெயில் ஏறியது. பாறையில் இருந்தது தண்ணீராகி ஓடியது. கொஞ்ச நேரத்தில் இலைக்குள் இருந்ததும் கரைந்தது. பாசியைப் பிரித்தால், உள்ளே பூவிதழோடு கட்டி அப்படியே இருந்தது. பாசி என்றால் அவ்வளவு குளிர்ச்சி போலிருக்கிறது என்றாள் செம்பி. கொழுந்து கட்டியையும் பாசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகுதான் அவன் தானாகவே கூடு கட்டத் தொடங்கினான். அடுத்த கிளையின் கவட்டில் குச்சிகளை வைத்தான். முதல் கூடு காற்றில் கொட்டிப் போனது. இரண்டாவது ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. அவன் அழுதான். அம்மாவைப் பார்த்தான். செம்பியின் கை மடியில் துடித்தது. அதை அடக்க அவள் தன் வால் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

"எந்தக் குச்சி வழுக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். மொட்டைக் குச்சி வழுக்கியது. இலையோடு ஒடித்த பச்சைக் குச்சி ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டு நின்றது. மூன்றாவது கூட்டைப் பச்சைக் குச்சியாலேயே கட்டினான். அது கோணலாக, ஒரு பக்கம் வீங்கிப்போய் இருந்தது. ஆனால் காற்றில் அசையவில்லை.

சடைச்சி அந்தப் பக்கமாக வந்தவள் எட்டிப் பார்த்தாள். "என்னடி இது? காத்து கொண்டாந்து ஒதுக்கின குப்பையா?"

"என் பிள்ளை கட்டினது" என்றாள் செம்பி. இந்த முறை அவள் அதை மெதுவாக, ஆனால் பெருமையோடு சொன்னாள்.

எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே செம்பிக்கு வலி எடுத்தது. ஒரு மாலைப்பொழுதில் புதுக்குட்டி பிறந்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அப்படிப்பட்ட நாளில்தான் பனி கடுமையாக இறங்கும். அது செம்பிக்குத் தெரியும். அவள் கழுத்தை நீட்டி அடுத்த கிளையிலிருந்த கூட்டுக்குள் பார்த்தாள். பாறை வெயிலில் காயவைத்த பாசியைக் கொழுந்து உள்ளே சுற்றிலும் அடைத்து வைத்திருந்தான். மலை அணில்கள் யாரும் கூட்டில் பாசி வைப்பதில்லை. பனிக்கட்டியைக் கரையவிடாமல் வைத்திருந்த அதே பாசி!

"அது குளிருடா. எடுத்துப் போடு" என்று, குட்டியைக் கூட்டில் கிடத்திவிட்டு எட்டிக் கையை நீட்டினாள்.

"அது குளிரு இல்லம்மா" என்றான் கொழுந்து. "அது எதையும் வெளியே விடாது. அன்னிக்குப் பனிக்கட்டியோட குளிரை விடல. என்னோட சூட்டையும் விடாது."

நீட்டிய கை கிளைக்கு மேலே அப்படியே நின்றது. இழுத்துப் போட்டால் ஒரு நொடி வேலை. இழுக்காமல் விட்டு, அவன் சொன்னது தப்பாக இருந்தால், விடியும்போது பிள்ளை இல்லை. செம்பி யோசித்தாள். தான் பார்த்துச் சொன்னது ஒன்று. அவன் செய்து பார்த்துச் சொல்வது ஒன்று. கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். அந்தக் காட்டில் அதைவிடத் துணிச்சலான செயலை யாரும் செய்ததில்லை.

கொழுந்து உள்ளே போய் வாசலையும் பாசியால் அடைத்துக்கொண்டான்.

காலையில் குளம் நடுவரைக்கும் உறைந்திருந்தது. நாவல் இலைகளின் விளிம்பெல்லாம் வெள்ளைப் பொருக்கு. செம்பி குட்டியை அணைத்தபடி கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். அடுத்த கிளையில் எந்த அசைவும் இல்லை. குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பனியில் அதை விட்டு அவளால் நகர முடியவில்லை.

அவள் குரல் உடைந்ததைக் கேட்டுச் சடைச்சி தாவி வந்தாள். நேரே கொழுந்தின் கூட்டருகே போய், வாசல் பாசியை விலக்கிக் கையை உள்ளே விட்டாள். விட்ட கையை வெளியே எடுக்கவே இல்லை.

"என்னடி? சொல்லேன்" என்றாள் செம்பி.

"இரு" என்றாள் சடைச்சி. "வெயில்ல காய்ஞ்ச பாறை மாதிரி இருக்கு. என் கையும் கொஞ்சம் சூடாகட்டும்."

உள்ளேயிருந்து தூக்கக் குரல் ஒன்று எரிச்சலோடு கேட்டது. "யாரு அது வாசலைத் திறந்தது? குளிருது!"

செம்பி அழுதாள். சடைச்சி சிரித்தாள், பிறகு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை காலம் இந்த மலையில் குளிரில் நடுங்கினோமே, இந்தப் பாசி கண்முன்னால்தானே தொங்கியது, ஒருத்தருக்குமா தோன்றவில்லை என்று வியந்து வியந்து சொன்னாள். அன்றே ஒரு கொத்துப் பாசியைப் பறித்துத் தன் மகளின் முதுகில் போர்த்திவிட்டாள்.

கொழுந்து வெளியே வந்தான். சோம்பல் முறித்தான். தன் கூட்டைச் சுற்றி வந்து பார்த்தான். காற்று ஒரு மூலையைப் பிரித்திருந்தது. அவன் பச்சைக் குச்சி ஒன்றை இலையோடு ஒடித்து வந்து, பிரிந்த இடத்தில் சொருகினான். இழுத்துப் பார்த்தான். இன்னொன்றைச் சொருகினான். அம்மாவை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செம்பிக்கு அது கொஞ்சம் வலித்தது. வலித்ததைவிட அதிகமாக இனித்தது. குட்டியை அடுத்த மார்புக்கு மாற்றிக்கொண்டு, கண் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை செய்ய வேண்டியதைப் பெற்றவர் செய்து கொடுத்தால் வேலை மட்டுமே முடியும். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்து, பிள்ளையையே செய்யவிட்டால், பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.