மூக்கு, வயிறு, வால்

ஒரு விமானத்தின் மூக்கு, வயிறு, வால், இந்த மூன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். வட ஜெர்மனியில் ஒரு விமானத் தளம். இரவில் குண்டுபோட வரும் பிரிட்டிஷ் விமானங்களை இருட்டில் தேடிப்போய்ச் சுடுவதுதான் அங்கிருந்தவர்களின் வேலை. கேப்டன் கிரேபரின் விமானத்தில் துப்பாக்கிகள் முதுகில் வானம் பார்த்து நிற்கும். அவர் எதிரிக்கு அடியில் நுழைந்து வயிற்றில் சுடுவார். இளையவன் வீலாண்டுக்குத் துப்பாக்கி மூக்கில். அவன் பின்னாலேயே போய் வாலில் சுடுவான். எதிரியும் சும்மா இருப்பதில்லை. குண்டு விமானத்தின் வாலிலும் ஒருவன் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பான், துரத்தி வருகிறவனின் மூக்கில் சுடுவான்.

அடுத்த விமானத்தை வீழ்த்துகிறவருக்குப் பத்து நாள் லீவு என்று தளபதி லூடர்ஸ் சொல்லியிருந்தார். கிரேபர் தன் நான்கு மாத மகளை இன்னும் பார்க்கவில்லை. வீலாண்டுக்குச் சனிக்கிழமை கல்யாணம். மணப்பெண் அன்னெலீஸ், அதே படையில் பறந்த ஹார்ட்விக்கின் தங்கை.

ஒரு இரவு செங்கல் சூளைப் பக்கம் ஒரு விமானம் எரிந்து விழுந்தது. கிரேபர், வீலாண்ட் இருவருமே அது தன்னுடையது என்று எழுதிக்கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார்கள். இரட்டை வால் தெரிந்தது, சுட்டேன், அவர்கள் திருப்பிச் சுடவில்லை என்று வீலாண்ட் எழுதியிருந்தான். எதிரியின் குண்டு விமானத்துக்கு இரட்டை வால். இவர்களுடைய விமானத்துக்கும் இரட்டை வால்தான்.

காலையில் லூடர்ஸ் மட்டும் சூளைக்குப் போய்ப் பார்த்தார். கிடந்தது ஹார்ட்விக்கின் விமானம். உள்ளே அவனும் கூடப் பறந்த இருவரும் இறந்து கிடந்தார்கள். மூக்கு சரியாக இருந்தது, வயிறு சரியாக இருந்தது. வால்தான் சல்லடையாகியிருந்தது. அவர் திரும்பி வந்து காப்பி குடித்தார். வருத்தம் எதுவும் வரவில்லை. வராதது மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஹார்ட்விக்கின் விமானம் வாலில் சுடப்பட்ட செய்தி தெரிந்ததும் கிரேபர் வந்து நின்றார். "அது நான் சுட்டது சார். என் பேர்லயே எழுதிக்குங்க. அந்தப் பையன் கல்யாணத்துக்குப் போகட்டும்."

லூடர்ஸ் அவரை அனுப்பிவிட்டார். பிறகு, எதிரி சுட்டதில் ஹார்ட்விக் இறந்தான் என்று எழுதி, வீலாண்டின் லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். எழுதியதைக் கிரேபரிடம் சொல்லவில்லை. இருவரும் அதன்பின் இதைப் பேசிக்கொள்ளவே இல்லை.

எதிரி சுட்டு ஹார்ட்விக் இறந்ததாகக் கேட்டு, லீவுச் சீட்டை வாங்கிக்கொண்ட வீலாண்ட் ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஓட்டை எந்தப் பக்கம் சார்?"

"மூக்குல" என்றார் லூடர்ஸ்.

ரயிலடிவரை கொண்டுவிட வந்த கிரேபர், ஹார்ட்விக்கைச் சுட்டது நான்தான், அன்னெலீஸை மன்னிக்கச் சொல் என்றார். அவரிடமும் அவன் அதையே கேட்டான்.

"வயித்துல" என்றார் கிரேபர்.

வீலாண்ட் சல்யூட் அடித்துவிட்டு ரயில் ஏறினான்.

ஏறும்போது அவனுக்கு என்ன தெரியும்? பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டவர், எதிரிமேல் போட்டவர், ஒன்றும் பேசாமல் ரயில் ஏறியவன், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: அவனுக்கு எல்லாம் தெரியும். இரண்டு பேர் இரண்டு இடம் சொன்னால் மிச்சமிருப்பது வால்தான் என்று கண்டுபிடிக்க விமானிக்கு எவ்வளவு நேரமாகும்? பெரியவர்கள் இருவரும் நல்ல மனதோடு பொய் சொன்னார்கள். ஆனால் கலந்து பேசாமல் சொன்னதால், அவர்கள் மறைத்ததே அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால் அவர்கள் செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. வீலாண்டைப் பற்றி முடிவு செய்யுமுன் இதையும் கேளுங்கள். அண்ணனுக்கு எங்கே அடிபட்டது என்று அன்னெலீஸ் கேட்டபோது, மூவரில் அவன் ஒருவன்தான் உண்மையைச் சொன்னான். "விமானத்தோட வாலுல" என்றான். அவளுக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு, அவன் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினாள். சனிக்கிழமை கல்யாணம் நடந்தது.